பெருமாள்மலை வீட்டை விற்றுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பலாமா?

நிலவரைபடம் | 10 ஆகஸ்ட் 2025

எல்லோருக்கும் வணக்கம். பல வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள். முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 66 வயது, என் வீட்டுக்காரருக்கு 70. இருப்பது மதுரையில். நான் புவியியல் ஆசிரியை, அவர் மின்வாரியம். இரண்டு பேரும் ஓய்வு பெற்றாகிவிட்டது. 1996இல் பெருமாள்மலையில் 18 சென்ட் வாங்கினோம். கொடைக்கானலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், ஊருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் முன்னாலேயே பழனிச் சாலை பிரிகிற இடம். 1999இல் சின்னதாக ஒரு வீடு கட்டினோம். இரண்டு அறை, ஒரு கூடம், ஓட்டுக் கூரை, கூடத்தின் மூலையில் ஃபயர்பிளேஸ். அலமாரித் தட்டு ஒவ்வொன்றையும் அவரே அறுத்து, இழைத்து அடித்தார். பிள்ளைகள் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள் சமையலறைக் கதவு நிலையில் இன்னும் இருக்கின்றன. சுற்றிக் காப்பிச் செடி, நாலு பட்டர் ஃப்ரூட் மரம், ஒரு பேரிக்காய் மரம்.

இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் ஈர மரமும் பழைய புகையும் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனைக்காகவே மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போயிருக்கிறோம்.

அங்கே ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பேர் "மலை நோட்டு". வந்த தேதி, போன தேதி, மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர், என்ன வேலை செய்தோம், எல்லாம் அதில் இருக்கும். எனக்கு ஆசிரியை புத்தி, எழுதாமல் இருக்க முடியாது. போன வாரம் அதை மதுரைக்கு எடுத்து வந்து உட்கார்ந்து எண்ணினேன். 2022 ஜூலை முதல் இந்த ஜூலை வரை மூன்று வருடத்தில் 22 தடவை போயிருக்கிறோம், மொத்தம் 96 நாள். அதில் ஓடு மாற்றாமல், மெத்தை காய வைக்காமல், பூஞ்சை துடைக்காமல், குழாய்க்காரரைத் தேடிப் போகாமல் சும்மா உட்கார்ந்திருந்த நாள் 17.

எண்ணி முடித்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தேன்.

31 வருடம் கரும்பலகையில் பிரம்மபுத்திராவை வரைந்திருக்கிறேன். திபெத்தில் சாங்போ என்று கிழக்கே ஓடி, நம்சா பர்வாவைச் சுற்றிக்கொண்டு தெற்கே திரும்பி அருணாசலத்துக்குள் இறங்கும் அந்த வளைவை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். நேரில் பார்த்ததில்லை. போன டிசம்பரில் அஸ்ஸாமுக்கு டிக்கெட் எடுத்தோம். கிளம்ப ஒன்பது நாள் இருக்கும்போது, கூடத்துக் கூரை இறங்கிவிட்டது என்று போன். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு மலைக்குப் போனோம். அதற்கு முந்தின வருடம் ஹம்பிக்கும் இப்படித்தான் ஆனது.

விற்கலாம் என்று முதலில் சொன்னது நானில்லை, அவர்தான். ஜூனில் மலை இறங்கும்போது ஊத்து என்ற ஊருக்குக் கீழே பனிமூட்டம் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸின் விளக்கு மட்டும் தெரிந்தது. அவருக்குக் கண்புரை தொடக்கம். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "இன்னும் எத்தனை தடவை என்னால் இந்தப் பாதையில் ஓட்ட முடியும்னு நினைக்கிறே?" என்று கேட்டார். வத்தலக்குண்டு வரும் வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

மகன் புனேயில், மகள் துபாயில். ஆறு வருடத்தில் இரண்டு தடவை அந்த வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு பேருமே "உங்க இஷ்டம்மா" என்றார்கள். மகள் போனை வைத்த பிறகு அழுதாள் என்று மாப்பிள்ளை சொன்னார்.

இந்த மாதிரி வீட்டை விற்றவர்கள், விற்காமல் வைத்திருப்பவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.


வைகைக்கரை | 10 ஆகஸ்ட் 2025

அம்மா, அவசரப்படாதீங்க. மலையில் இடம் இனிமேல் யாருக்கும் சுலபமாகக் கிடைக்காது. வயசான காலத்தில் பணம் வங்கியில் இருப்பதைவிட மண்ணில் இருப்பதுதான் பலம். ஹோம்ஸ்டே மாதிரி விட்டால் சீசனில் நல்ல வருமானம் வரும், அந்தக் காசிலேயே ஊர் சுற்றலாம். வீடும் இருக்கும், பயணமும் நடக்கும்.


ஏற்காட்டுக்காரர் | 11 ஆகஸ்ட் 2025

நான் விற்றவன். அதனால் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் எங்கள் வீட்டை 2016இல் கொடுத்தேன். காரணம் உங்களுடையதேதான். மூன்று வருடம் நானும் மனைவியும் நிறையப் பார்த்தோம். காசி, பத்ரிநாத், லடாக், ஒரு தடவை வியட்நாம். பிறகு 2020 வந்தது. சேலத்தில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில், ஜன்னல் வழியாகப் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தோம். அந்த நாட்களில் ஏற்காட்டு வீட்டை நினைக்காத இரவு இல்லை. 2022இல் மனைவி தவறிவிட்டார்.

லடாக்கில் பாங்காங் ஏரிக்கரையில் அவர் நின்ற படம் என் மேசையில் இருக்கிறது. ஏற்காட்டு வராந்தாவில் சில்வர் ஓக் நிழலில் அவர் அரிசி புடைத்த காட்சிக்குப் படம் இல்லை. எனக்கு அடிக்கடி வருவது அதுதான்.

விற்காதே என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழே படுத்துத் தூங்க வேறு இடம் உங்களுக்கு இருக்கிறதா? எங்களுக்கு இல்லாமல் போனது. இப்போது எல்லோரும் கூடுவது கல்யாண மண்டபத்தில்தான். அங்கே யாரும் யாரோடும் பேச நேரமிருப்பதில்லை.


நிலவரைபடம் | 11 ஆகஸ்ட் 2025

ஐயா, நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அரிசி புடைத்த வரிக்கு மேல் என்னால் வாசிக்க முடியவில்லை, மீதியை அவரே படித்தார். உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

வைகைக்கரை, ஹோம்ஸ்டே ஒரு வருடம் விட்டுப் பார்த்துவிட்டோம். வருகிறவர்கள் மேல் குறை சொல்ல மாட்டேன், பெரும்பாலும் நல்லவர்கள். ஆனால் போன் எங்களுக்குத்தான் வரும். வெந்நீர் வரவில்லை, கரண்ட் இல்லை, காட்டுமாடு வாசலில் நிற்கிறது, இறங்க பயமாக இருக்கிறது என்று இரவு பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள். வெளியூர்ப் பயணத்திலும் அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஒரு குடும்பம் போன பிறகு பார்த்தால் சமையலறை நிலையைத் துடைத்திருந்தார்கள். சுத்தம் செய்கிறோம் என்று நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார்கள். என் மகளின் ஏழு வயசுக் கோடும் எட்டு வயசுக் கோடும் பாதி அழிந்துவிட்டன. அன்றோடு நிறுத்தினோம்.

அதோடு நாங்கள் கட்டியது குடியிருப்பு அனுமதியில். வீடு என்று அனுமதி வாங்கிவிட்டு விடுதி நடத்திய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தது கொடைக்கானலில் நடந்த விஷயம். முறையாகப் பதிந்து நடத்தலாம்தான். ஆனால் இந்த வயதில் அது ஒரு புதுத் தொழில்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 9,000. கூரை, பெயின்ட், தண்ணீர் மோட்டார், வரி, கரண்ட், பெட்ரோல் எல்லாம் சேர்த்து வருடம் ஒரு லட்சத்துக்குக் குறையாது. மொத்தத்தில் 2,10,000 அளவுக்குப் போகிறது. எங்கள் இரண்டு பேர் பென்ஷனில் அது சின்னத் தொகை இல்லை.


கோவை மகள் | 12 ஆகஸ்ட் 2025

ஆன்ட்டி, நான் அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். விற்காமல் வைத்திருந்தவரின் மகள்.

அப்பாவுக்குக் கோத்தகிரியில் வீடு. உயிரையே வைத்திருந்தார். 74 வயதில் கூரையில் ஏறி இலை அடைத்த தகரக் கால்வாயைக் குத்திவிட்டு இறங்கும்போது ஏணி வழுக்கிவிட்டது. இடுப்பு எலும்பு. அதற்குப் பிறகு மலை ஏறவே இல்லை. நாலு வருடம் கழித்துப் போய்விட்டார். அந்த நாலு வருடமும் வீடு பூட்டியே கிடந்தது. யாரும் போக முடியவில்லை, விற்கலாம் என்று பேசவும் முடியவில்லை. பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

அப்புறம் ஆரம்பித்ததுதான் பெரிய பாடு. நாங்கள் மூன்று பேர், ஒரு அண்ணன் அமெரிக்காவில். வாரிசுச் சான்றிதழ், பட்டா பெயர் மாற்றம், அண்ணன் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பவர் பத்திரம். அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரை வைக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. காலம் கடந்துவிட்டது, இன்னொன்று அனுப்பச் சொன்னோம். அதற்குள் அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றுவிட்டது. வீடு விற்று இரண்டு வருடமாகிறது, இன்னும் அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

அப்பா தன் கையாலேயே ஒரு நல்ல மனுஷருக்குக் கொடுத்திருந்தால், கடைசித் தடவை எல்லோரும் ஒன்றாகப் போய் இருந்துவிட்டு வந்திருப்போம். எங்களுக்கு அந்தக் கடைசித் தடவை கிடைக்கவில்லை. நான் போனபோது கட்டிலுக்கு அடியில் அப்பாவின் மழைச் செருப்பு பூஞ்சை பிடித்துக் கிடந்தது.


கணக்குப்பிள்ளை | 12 ஆகஸ்ட் 2025

நான் ஆடிட்டர். மனசு சம்பந்தப்பட்டதை நீங்கள்தான் முடிவு பண்ண வேண்டும். வரிக் கணக்கை நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலரும் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

உங்கள் இடமும் வீடும் 2001 ஏப்ரல் 1க்கு முந்தியவை. அதனால் வாங்கின விலைக்குப் பதிலாக, அந்தத் தேதியில் இருந்த சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் ஒரு அறிக்கை வாங்கி வையுங்கள்.

பேச்சுக்கு 2001 மதிப்பு 8 லட்சம், இப்போது விலை 85 லட்சம் என்று வைப்போம். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய இடம், வீடு என்றால் தனிநபருக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பணவீக்கக் குறியீடு (விலைவாசி ஏறியதற்கு ஏற்ப அடக்க விலையை உயர்த்திக்கொள்வது) இல்லாமல் 12.5 சதவீதம். லாபம் 77 லட்சம், வரி 9.62 லட்சம். இன்னொன்று, குறியீட்டோடு 20 சதவீதம். இந்த நிதியாண்டின் குறியீடு 376, 2001க்கு 100. ஆகவே 8 லட்சம் 30.08 லட்சமாகிறது. லாபம் 54.92 லட்சம், வரி 10.98 லட்சம். குறியீடு போட்டால் எப்போதும் லாபம் என்று நினைப்பவர்கள் இதைப் பாருங்கள், இந்தக் கணக்கில் முதல் வழிதான் குறைவு. 2001 மதிப்பு அதிகமாக வந்தால் திரும்பிவிடும். இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வீடு வாங்கினால் விலக்கு உண்டு. நீங்கள் வாங்கப் போவதில்லை. அதனால் உங்களுக்கு ஏற்றது அரசு நிறுவனங்களின் மூலதன ஆதாயப் பத்திரம். விற்ற 6 மாதத்துக்குள் போட வேண்டும், அதிகபட்சம் 50 லட்சம், 5 வருடம் எடுக்க முடியாது. வட்டி குறைவு, அந்த வட்டிக்கு வரியும் உண்டு. இருந்தாலும் 77இல் 50 போய்விட்டால் மீதி 27 லட்சத்துக்கு வரி 3.37 லட்சம்தான், மேலே 4 சதவீதம் செஸ். போடாமல் விட்டால் வருமானம் 50 லட்சத்தைத் தாண்டி சர்சார்ஜும் சேரும்.

மீதியில் 30 லட்சத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். இப்போது 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அதைப் பயணத்துக்கென்றே தனிக் கணக்கில் விடுங்கள்.

வீட்டுப் பத்திரம் யார் பெயரில்? கூட்டாக இருந்தால் கணக்கே வேறு.


நிலவரைபடம் | 12 ஆகஸ்ட் 2025

என் பெயரில் மட்டும் சார். ரொம்ப நன்றி. அவர் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டார்.

கோவை மகளே, உன் அப்பாவின் ஏணியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. அவர் இப்போதும் கூரையில் ஏறுகிறார். வேண்டாம் என்று நான் சொன்னால் நான் தூங்கும் நேரம் பார்த்து ஏறுகிறார்.


வைகைக்கரை | 13 ஆகஸ்ட் 2025

கோவை சகோதரி எழுதியதைப் படித்து கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன் அம்மா. நீங்க 2006இலும் 2018இலும் குறிஞ்சி பூத்ததை அந்த வீட்டில் இருந்துதான் பார்த்திருப்பீங்க. அடுத்து 2030. இன்னும் அஞ்சே வருஷம். அதை உங்க வீட்டில் இருந்து பார்த்துட்டு அப்புறம் கொடுக்கலாமே?


நிலவரைபடம் | 13 ஆகஸ்ட் 2025

இந்தக் கேள்வியை நாங்களே எங்களிடம் கேட்டுக்கொண்டோம், தம்பி.

2006இல் பிள்ளைகளோடு போனோம். சரிவு முழுக்க நீலம். மகள் நடுவில் உட்கார்ந்துகொண்டு எழுந்து வர மாட்டேன் என்றாள். 2018இல் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அந்த வருடம் நவம்பர் 16 கஜா வந்தது. கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் புயலா என்று நினைத்தோம். எங்கள் தைலமரம் ஒன்று வேரோடு சாய்ந்து படுக்கையறைக் கூரை மேல் விழுந்தது. மலைச்சாலை முழுவதும் மரங்கள், கரண்ட் கம்பங்கள். எங்களால் போய்ச் சேரவே பல நாள் ஆனது. போனபோது கட்டில் மேல் கிளையும் உடைந்த ஓடும் கிடந்தன. அன்று நாங்கள் அங்கே படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரண்டு பேரும் வாய் திறந்து சொல்லவில்லை.

2030இல் எனக்கு 71, அவருக்கு 75. குறிஞ்சி அந்த வருடமும் பூக்கும். அதைப் பார்க்க ஒரு வாடகை அறை போதும். ஆனால் இன்று தொடங்கி 2030 வரைக்கும் உள்ள ஐந்து வருடம்தான் எங்கள் முழங்கால் எங்களுக்காக ஒத்துக்கொண்டிருக்கும் காலம். அதைக் கூரைக்குக் கொடுக்க மனசு வரவில்லை.

இதை எழுதும்போதுதான் தெரிகிறது, நான் முடிவுக்கு வந்துவிட்டேன் என்று.


பெருமாள்மலை தம்பி | 15 ஆகஸ்ட் 2025

டீச்சர் வணக்கம். நான் இந்த ஊர்க்காரன். உங்க வீடு எதுன்னு எனக்கு விளங்கிடுச்சு, இங்க சொல்ல மாட்டேன்.

வித்துட்டுப் போறவங்க, வாங்கிட்டு வர்றவங்க எல்லாரும் இந்த மலையை வீடாத்தான் பாக்குறாங்க. எங்களுக்கு இது ஊரு. அதனால மூணு விஷயம் மனசுல வச்சுக்கங்க.

உங்க வீட்டைப் பாத்துக்குற அண்ணன் 22 வருஷமா அங்க இருக்காரு. அவுட்ஹவுஸ்லதான் குடும்பம். வீடு கை மாறினா முதல்ல வெளிய போறது அவுங்கதான். இப்படி எத்தனையோ குடும்பம் ரெண்டு மாச நோட்டீஸ்ல சாமான தூக்கிட்டுப் போனதப் பாத்திருக்கேன். அவருகிட்ட நீங்க நேர்ல சொல்லணும், புரோக்கர் வாயால அவரு கேக்கக் கூடாது.

அடுத்தது மரம். வாங்குறவங்க மொதல்ல வியூ வேணும்னு மரத்த வெட்டுவாங்க. சொந்த இடமா இருந்தாலும் மலைப்பகுதியில மரம் வெட்ட அனுமதி வேணும், 1955லயே சட்டம் இருக்கு. ஆனா ராத்திரியில வெட்டிட்டு காலையில காத்துல விழுந்துச்சும்பாங்க. உங்க மேல்பக்கம் இருக்குற பெரிய நாவல் மரத்துக்குக் கீழதான் எங்க தெருவுக்கு வர்ற ஊத்துத் தண்ணி. யாருக்குக் குடுக்குறீங்கங்கறத யோசிச்சுக் குடுங்க.

கடைசியா, இப்ப விலையும் முன்ன மாதிரி ஏறுறது இல்ல. 2024 மே 7ல இருந்து இ-பாஸ். இந்த வருஷ சீசனுக்கு வார நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000ன்னு கோர்ட்டே கணக்கு வச்சிருச்சு. லாட்ஜ் கட்டலாம்னு வாங்க நெனச்சவங்க யோசிக்கிறாங்க. இது உங்களுக்கு நல்லதுதான். குடியிருக்க வர்றவங்க கெடைப்பாங்க.


நிலவரைபடம் | 17 ஆகஸ்ட் 2025

தம்பி, நீ எழுதியதைப் படித்துவிட்டு நேற்றுக் காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டோம். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் நேரில் சொல்லிவிட்டோம்.

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "தொட்டி பைப்பு இன்னைக்கு மாத்தணும்னு இருந்தேன், மாத்திரட்டுமாங்க?" என்று கேட்டார். அவர் மனைவிதான் அழுதது. அவருடைய மகள் கொடைக்கானலில் கல்லூரியில் இரண்டாம் வருடம். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி, "டீச்சர், மழை நோட்டு யாருக்கு?" சின்ன வயதிலிருந்தே நாங்கள் இல்லாத நாட்களில் மழைமானியைப் பார்த்து எழுதி வைப்பது அவள்தான். 2003க்குப் பிறகு அந்த நோட்டில் பாதிக் கையெழுத்து அவளுடையதும் அவள் அப்பாவுடையதும்.

அவர்களுக்குச் செய்ய வேண்டியதை வீட்டு விலையில் ஒரு பங்காகவே எடுத்து வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். எவ்வளவு என்று இங்கே எழுத வேண்டியதில்லை. அது அவர் கைக்கு வந்த பிறகுதான் பத்திரப் பதிவு. நாலு சென்ட் பிரித்து எழுதிக் கொடுக்கலாமா என்றும் விசாரித்தோம். மலைப்பகுதியில் மனை பிரிப்புக்கு அனுமதி வாங்குவது எளிதில்லை என்று பத்திர எழுத்தர் சொன்னார். அனுமதி இல்லாமல் எழுதிக் கொடுத்து, பின்னால் அவர்களை அலைய விட மனசில்லை.


பருத்தித்துறை | 18 ஆகஸ்ட் 2025

அக்கா, கன நாளா இந்த இழையை வாசிச்சுக்கொண்டு இருக்கிறன். வீடு விட்டுப் போற கதை எங்கட ஆக்களுக்கு வேற மாதிரி, அதை இதோட ஒப்பிட ஏலாது. நீங்கள் விரும்பி, ஆற அமர யோசிச்சுக் குடுக்கிறியள். அது ஒரு குடுப்பினை.

உங்கட பட்டியலில எங்கட பக்கத்தையும் சேருங்கோ. 2023 ஒக்டோபரில இருந்து நாகபட்டினம், காங்கேசன்துறை கப்பல் திரும்ப ஓடத் தொடங்கினது. நாலு மணித்தியாலம் அளவில வந்திடலாம். மழை காலத்தில நிப்பாட்டி வைப்பினம், அதைப் பாத்து வெளிக்கிடுங்கோ. நெடுந்தீவுக்குப் போனால் காட்டுக் குதிரையள் நிக்கும், பவளக் கல்லில கட்டின மதில் ஊர் முழுக்க இருக்கு. புவியியல் படிப்பிச்ச ஆளுக்கு அது நல்லாப் பிடிக்கும். வந்தால் எழுதுங்கோ.


நிலவரைபடம் | 18 ஆகஸ்ட் 2025

கட்டாயம் வருகிறேன். பாக்கு நீரிணையின் சுண்ணாம்புக்கல் தீவுகளைப் பாடத்தில் நடத்தியதோடு சரி. பட்டியலில் எழுதிவிட்டேன், அஸ்ஸாமுக்கு அடுத்து.


நிலவரைபடம் | 2 நவம்பர் 2025

இரண்டரை மாதமாக எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எட்டுப் பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர் வீட்டுக்குள் வரவேயில்லை. மேட்டில் நின்று, இதையெல்லாம் எடுத்துவிட்டால் எத்தனை அறை வரும் என்று கையால் அளந்தார். இன்னொருவர் நல்ல விலை சொன்னார், நாங்கள் கேட்டதைவிட ஆறு லட்சம் கூட. ஆனால் பாதியைக் கணக்கில் காட்டாமல் ரொக்கமாகத் தருகிறேன் என்றார். என் வீட்டுக்காரர் உடனே எழுந்து, காப்பி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றார். வந்தவருக்குப் புரிந்துவிட்டது.

செப்டம்பர் கடைசியில் ஒரு தம்பதி வந்தார்கள், நாற்பது வயதுக்குள். கணவர் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர், அந்தப் பெண் செவிலியர். ஆறு வயதில் ஒரு பையன். மழை பெய்துகொண்டிருந்தது. அந்தப் பெண் கூடத்தில் நின்று மேலே பார்த்து, "இது எங்க ஒழுகும்?" என்று கேட்டாள். வந்த எட்டுப் பேரில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் அவளை ஒவ்வொரு மூலைக்கும் கூட்டிப் போய்க் காட்டினார். எந்த ஓடு நழுவும், எந்த மாதத்தில் காற்று எந்தப் பக்கம், தொட்டியில் தண்ணீர் நின்றுபோனால் எந்த இடத்தில் குழாயைத் தட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரம் ஆனது. நான் வராந்தாவில் அந்தப் பையனோடு உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் சொன்ன விலை 82. நாங்கள் நினைத்திருந்தது 85. கொடுத்துவிட்டோம்.

பார்த்துக்கொள்பவர் குடும்பம் அங்கேயே இருக்கும். வாய்ப்பேச்சு போதாது என்று ஒப்பந்தத்தில் தனியாக ஒரு பத்தி சேர்த்தோம். நாவல் மரத்தையும் காட்டினோம். தெருவுக்குத் தண்ணீர் அதன் கீழிருந்து வருகிறது என்பதை நம் தம்பி சொன்னபடியே சொன்னேன்.

ஏற்காட்டு ஐயாவின் கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. தீபாவளிக்குப் பிள்ளைகள் இரண்டு குடும்பமும் வந்தார்கள், ஆறு வருடத்தில் முதல் தடவையாக எல்லோரும் சேர்ந்து. கூடத்தில் வரிசையாகப் படுக்கை போட்டுப் பதினொரு பேர் தூங்கினோம், சம்பந்தியும் வந்திருந்தார்கள். விற்கிறோம் என்றதால்தான் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். வைத்திருந்தால் அடுத்த வருடம் பார்ப்போம் என்றிருப்பார்கள். இனி ஒவ்வொரு மே மாதமும் ஒரு வாரம், எந்த ஊராவது, ஒரு பெரிய வீடு வாடகைக்கு எடுத்து எல்லோரும் தங்குவது என்று மகன் சொல்லியிருக்கிறான். நடக்குமா என்று பார்க்க வேண்டும். நடக்காமல் போனால் உங்கள் வருத்தம் எனக்கும் வரும், ஐயா. அதைத் தெரிந்தேதான் செய்கிறேன்.


ஏற்காட்டுக்காரர் | 3 நவம்பர் 2025

நல்லபடியாகச் செய்திருக்கிறீர்கள் அம்மா. நான் செய்யத் தவறிய ஒன்றை மட்டும் சொல்கிறேன். சாமான்களோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள் என்று தரகர் சொன்னார், அப்படியே விட்டுவிட்டு வந்தேன். ஆறு மாதம் கழித்து முறம் ஒன்று ஞாபகம் வந்து கேட்டு அனுப்பினேன். எரித்துவிட்டார்களாம். நீங்கள் உங்களுக்கு வேண்டியதை முன்னாலேயே எடுத்துவிடுங்கள். என்ன என்று உங்களுக்கு அப்போது தெரியாது. அதனால் கொஞ்சம் அதிகமாகவே எடுங்கள்.


கணக்குப்பிள்ளை | 3 நவம்பர் 2025

ரொக்கத்தை மறுத்தது ரொம்பச் சரி. வீடு, நில விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கின தொகை அளவுக்கே அபராதம் போட முடியும். பலருக்கு இது தெரியாது.

விலை 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குபவர் 1 சதவீதம், அதாவது 82,000 பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். அதற்கான சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம் அவர்கள் பாடு. மூலதன ஆதாயப் பத்திரத்துக்கான 6 மாதக் கெடு விற்பனைத் தேதியில் இருந்து ஓடும், ஊருக்குக் கிளம்பும் முன்பே போட்டுவிடுங்கள்.


நிலவரைபடம் | 11 ஜனவரி 2026

டிசம்பர் கடைசியில் பதிவு முடிந்தது. 50 லட்சமும் போட்டாகிவிட்டது, சார்.

ஐயா சொன்னபடி கொஞ்சம் அதிகமாகவே எடுத்தோம். ஒரு அலமாரித் தட்டு, மகள் தூங்கிய கம்பளி, இரும்புக் கணப்புக் குச்சி. சமையலறை நிலையைக் கழற்ற முடியாது. அதனால் மகன் வெள்ளைத் தாளை அதன் மேல் ஒட்டிப் பிடித்து, கோடு கோடாக அப்படியே எடுத்துக்கொண்டான், பாதி அழிந்த இரண்டு கோடுகளையும் சேர்த்து. வீட்டை வாங்கியவர்களின் பையனுடைய உயரத்தை அதே நிலையில் நான் குறித்தேன். 113 சென்டிமீட்டர்.

மழைமானியை எடுத்து வரவில்லை. நோட்டின் பழைய பக்கங்களை நகல் எடுத்துக்கொண்டு, நோட்டைப் பார்த்துக்கொள்பவரின் மகளிடம் கொடுத்தோம். இரண்டு நாளைக்கு ஒருமுறை எண்ணை அனுப்புகிறாள். பெரும்பாலும் பூஜ்யம், ஜனவரி இல்லையா.

சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கும்போது அவர்தான் ஓட்டினார். பகல், நல்ல வெயில். வத்தலக்குண்டில் வழக்கமான கடையில் காப்பி சாப்பிட்டோம். அவர் சட்டைப் பையில் கையை விட்டுச் சாவியைத் தேடினார், பிறகு கையை எடுத்துவிட்டார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

பிப்ரவரி இரண்டாம் வாரம் கிளம்புகிறோம். கன்னியாகுமரி திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ். விமானத்தில் போ என்றான் மகன். நான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல் நிலம் மாறுவதை ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கோதாவரி, மகாநதி, அப்புறம் பிரம்மபுத்திரா. ஜோர்ஹாட்டில் தங்கி, நிமாதி படகுத்துறையில் இருந்து படகில் ஆற்றுத் தீவான மஜூலிக்குப் போகத் திட்டம். மேல் பெர்த் அவர் முழங்காலுக்கு ஆகாது. கீழ் பெர்த் கிடைக்க என்ன செய்ய வேண்டும், யாருக்காவது தெரியுமா?


ரயில் சிநேகிதன் | 11 ஜனவரி 2026

டீச்சர், மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் திரும்ப வரவில்லை. ஆனால் கீழ் பெர்த் ஒதுக்கீடு இருக்கிறது. ஆணுக்கு 60, பெண்ணுக்கு 45 வயதிலிருந்து. பதிவு செய்யும்போது கோட்டா என்ற இடத்தில் "லோயர் பெர்த், மூத்த குடிமக்கள்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு டிக்கெட்டில் எடுங்கள், வயது குறைந்த மூன்றாவது ஆளைச் சேர்த்தால் அந்த ஒதுக்கீட்டில் வராது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கிறது, உங்கள் தேதிக்கு ஏற்கெனவே திறந்தாயிற்று. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பிரம்மபுத்திராவை ரயில் தாண்டும் நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், வண்டி அடிக்கடி தாமதமாகும். ஓடும் நிலையை மொபைலில் பார்த்துக்கொண்டே இருங்கள்.